நடித்துப் பார்த்துப் பழகுவது எப்படி? தெரிந்ததைச் செயலுக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு பாதுகாப்பு விதியைச் சொல்லிக்கொடுத்தார்கள். துப்பாக்கி கண்ணில் பட்டால் தொடாதே, அங்கிருந்து விலகிப் போ, பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல். உளவியலாளர் ரேமண்ட் மில்டன்பெர்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகள் இவை; முக்கியமானவை 2004-இல் வெளிவந்தன. கேட்டவுடன் குழந்தைகள் விதியைக் கடகடவென ஒப்பித்தார்கள். பயிற்சியாளர் முன்னால் நடித்துப் பழகிய குழந்தைகள் அதைச் செய்தும் காட்டினார்கள். பிறகு, சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த துப்பாக்கியை ஓர் அறையில் வைத்துவிட்டு, குழந்தைக்குத் தெரியாமல் கவனித்தார்கள். ஒப்பித்ததும் கைகொடுக்கவில்லை, ஒத்திகையும் பலருக்குப் போதவில்லை. குழந்தை தவறிய அந்த நொடியிலேயே பயிற்சியாளர் உள்ளே வந்து, அதே இடத்தில், சரியான செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்த பிறகுதான் அவர்களுடைய நடத்தை மாறியது.

வாயால் சொல்லத் தெரிவது ஒன்று. ஒத்திகையில் செய்யத் தெரிவது இன்னொன்று. யாரும் கைபிடித்து நடத்தாத நேரத்தில் தானாகச் செய்வது மூன்றாவது. பெரியவர்களும் இந்த மூன்றுக்கும் இடையில்தான் மாட்டிக்கொள்கிறோம். 'முடியாது' என்று சொல்ல வேண்டும் என்பது தெரியும், சொல்ல மாட்டோம். பிள்ளையிடம் கத்தக் கூடாது என்பது தெரியும்; கத்திவிட்டுத்தான் நினைவு வரும்.

இந்த இடைவெளியைக் கடக்க ரோல் பிளே, அதாவது ஒரு காட்சியை நடித்துப் பார்த்துப் பழகுவது, நல்ல கருவி. ஆனால் பெரும்பாலான பயிற்சி வகுப்புகளில் அது வீணாகப் போகிறது என்பது என் எண்ணம். ஒருவர் ஒருமுறை நடிக்கிறார், பிறகு அரை மணி நேரம் எல்லோரும் கருத்துச் சொல்கிறார்கள், கைதட்டலோடு முடிகிறது. முதல் ஓட்டத்தில் வெளிவருவது பழைய பழக்கம்தான். கற்பது என்று ஏதாவது நடந்தால், அது இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் நடக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த மறு ஓட்டங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத்தான்.

இது ஏன் வேலை செய்கிறது?

மூன்று ஆய்வுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகலாம்.

உளவியலாளர் அர்னால்ட் லாசரஸ் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், பிறரோடு பழகுவதில் குறிப்பிட்ட சிக்கல் இருந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அறிவுரை, ஒரு குழுவுக்குப் பொறுமையாகக் கேட்டுப் பிரதிபலிக்கும் உரையாடல், ஒரு குழுவுக்கு நடத்தை ஒத்திகை. எல்லோருக்குமே அதிகபட்சம் நான்கு அமர்வுகள்தான். ஒத்திகை பார்த்தவர்களில் 92 விழுக்காட்டினர் நிஜ வாழ்வில் மாற்றம் காட்டினார்கள். அறிவுரை கேட்டவர்களில் 44, உரையாடல் குழுவில் 32. சிகிச்சை அளித்தவரும் லாசரஸே என்பதால் இந்த எண்களை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசை முக்கியம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று வகைப்படுத்தினார். தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கமாகச் சொல்வது, நம் உடலின் பதற்றத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது ஆகிய நான்கு. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. அறிவுரை மூன்றாவதை மட்டும் தொடுகிறது. சரியாக நடத்தப்படும் ஒத்திகை நான்கையும் தொட்டுவிடும்.

மூன்றாவது, பழக்கத்தை விடுவது பற்றியது. இர்விங் ஜானிஸ், லியோன் மான் இருவரும் 1965-இல், புகைபிடிக்கும் இளம்பெண்களை நுரையீரல் புற்றுநோய் வந்த நோயாளியாக நடிக்க வைத்தார்கள். எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் சொல்வதைக் கேட்பது, அறுவை சிகிச்சை பற்றி விசாரிப்பது, காத்திருக்கும்போது மனதுக்குள் ஓடுவதை வாய்விட்டுப் பேசுவது எல்லாம் உண்டு. அத்தகைய அமர்வின் ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களைவிட, நடித்தவர்கள் சிகரெட்டை அதிகமாகக் குறைத்தார்கள். தகவல் இரு தரப்புக்கும் ஒன்றுதான். வித்தியாசம், அந்த வார்த்தைகள் யாருடைய வாயிலிருந்து வந்தன என்பதில் இருந்தது.

படி 1: ஒரு நிமிடத்தைப் பிடியுங்கள்

'தன்னம்பிக்கையோடு பேச வேண்டும்', 'கோபத்தைக் குறைக்க வேண்டும்' என்பவை ஆசைகள். அவற்றை நடித்துப் பார்க்க முடியாது. நடித்துப் பார்க்கக்கூடியது ஒரு காட்சி: யார், எங்கே, எந்த நேரத்தில், என்ன சொல்கிறார், நீங்கள் என்ன செய்கிறீர்கள்.

கடைசியாகச் சறுக்கிய சம்பவத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். எந்த வாக்கியத்தில் கவிழ்ந்தீர்கள்? பெரும்பாலும் எதிராளியின் ஒரே ஒரு வாக்கியம் இருக்கும். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" "ஒண்ணே ஒண்ணு மட்டும்டா, ஒண்ணும் ஆகாது." "எப்பப் பாரு இப்படித்தான் நீ." அந்த வாக்கியத்தை அவர் சொல்லும் அதே சொற்களில், அதே பேச்சுநடையில் ஒரு தாளில் எழுதுங்கள். சுத்தமான எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் அதன் கூர்மை போய்விடும்.

அதற்குக் கீழே, நீங்கள் செய்ய விரும்பும் செயலை எழுதுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் 'செய்தார்' அல்லது 'செய்யவில்லை' என்று சொல்ல முடிகிற செயலாக இருக்கட்டும். 'மரியாதையாக மறுப்பேன்' என்பது தெளிவில்லை. 'முதல் வாக்கியத்திலேயே முடியாது என்று சொல்வேன், காரணம் ஒன்றுக்கு மேல் சொல்ல மாட்டேன்' என்பது தெளிவு.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். காட்சி தப்பானால் மற்றதெல்லாம் வெறும் நாடகம்.

படி 2: கூட நடிக்க ஆள்

உங்களைக் கேலி செய்யாத, உங்களுக்காகப் பொறுமையாக நாலு தரம் ஒரே வசனத்தைச் சொல்லக்கூடிய ஒருவர் போதும். எந்த நபரோடு சிக்கலோ, அவரையே கூப்பிட வேண்டாம். 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் உடனே நிற்கும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பார்வையாளர் கூட்டம் தேவையில்லை. மேடை பயம் வேறு வியாதி, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் எதிராளியின் வாக்கியங்களை போனில் இடைவெளி விட்டுப் பதிவுசெய்து, ஓடவிட்டுப் பதில் சொல்லலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதில் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

படி 3: முதலில் நீங்கள் எதிராளியாக நடியுங்கள்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். உங்கள் மேலாளர் எப்படிப் பேசுவார் என்பது உங்கள் நண்பருக்குத் தெரியாது. அவரே கற்பனை செய்தால் ஒரு வில்லன் வருவார், அல்லது ஒரு பொம்மை வரும். அதனால் முதல் ஓட்டத்தில் நீங்கள் மேலாளராகுங்கள், நண்பர் நீங்களாகட்டும். அவர் உட்காரும் விதம், பேசும்போது போனைப் பார்க்கும் பழக்கம், குரலை இறக்கிக் குழைவது, எல்லாவற்றையும் காட்டுங்கள். நண்பருக்குப் பாத்திரம் புரிந்துவிடும்.

பாத்திரங்களை இப்படி மாற்றிக்கொள்வது, மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ தன் சைக்கோடிராமாவின் (மனச் சிக்கலை நடித்துக்காட்டிக் கையாளும் சிகிச்சை முறை) மையமாக வைத்த உத்தி. அதில் இன்னொரு லாபமும் உண்டு. எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்தபடி உங்களுடைய வழக்கமான பதிலைக் கேட்கும்போது, அது எவ்வளவு வழவழ கொழகொழவென்று இருக்கிறது என்று காதில் விழும். சில சமயம் எதிராளிக்கும் ஒரு நியாயம் இருப்பது தட்டுப்படும். அப்போது படி 1-இல் எழுதிய செயலைத் திருத்துங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிறகு நண்பருக்கு மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: எதிராளிக்கு என்ன வேண்டும், அவர் விடாமல் சொல்லும் வாக்கியம் எது, எதைக் கேட்டால் அவர் இறங்கி வருவார். மருத்துவக் கல்வியில் இதே வேலையை மிகவும் கறாராகச் செய்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், ஒரு நோயாளியின் வரலாற்றையும் அறிகுறிகளையும் சொல்லிக்கொடுத்து ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்க வைத்து மாணவர்களைச் சோதித்தார். இன்று உலகெங்கும் மருத்துவத் தேர்வுகளில் அத்தகைய நோயாளிகள் இருக்கிறார்கள். ஒரே நோயாளியை ஒவ்வொரு மாணவரும் ஒரே மாதிரி சந்திப்பதுதான் அதன் பலம். உங்கள் மூன்று வரிகளும் அதற்காகத்தான்: மறு ஓட்டத்திலும் அதே எதிராளி வர வேண்டும்.

படி 4: ஒருமுறை பாருங்கள்

நண்பரோ பயிற்சியாளரோ, நீங்கள் செய்ய விரும்புவதை ஒருமுறை செய்து காட்டட்டும். அட்டகாசமாகச் செய்ய வேண்டியதில்லை. கொஞ்சம் தடுமாறி, சுதாரித்து, முடிப்பவரைப் பார்ப்பதே பயந்த மனதுக்கு உதவும். பிசிறில்லாத நடிப்பைப் பார்த்தால் 'இது நமக்கு வராது' என்றுதான் தோன்றும்.

படி 5: ஓட்டுங்கள், வெட்டுங்கள், மறுபடி ஓட்டுங்கள்

ஓர் ஓட்டம் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நிஜத்தில் நின்றுகொண்டு பேசுவீர்கள் என்றால் நின்றுகொண்டே பேசுங்கள். "அப்புறம் நான் இப்படிச் சொல்லுவேன்" என்று விவரிக்க ஆரம்பித்தால் நண்பர் உடனே குறுக்கிட வேண்டும்: "விவரிக்காதே, சொல்லு."

ஓர் உதாரணம். கிளம்பும் நேரத்தில் மேலாளர் வேலையைத் தலையில் கட்டுகிறார். ஊழியர் மறுக்கப் பழகுகிறார். முதல் ஓட்டம்:

"இந்த ரிப்போர்ட்டை மட்டும் இன்னைக்கே முடிச்சுக் கொடுத்துடுங்க. உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

"இல்ல சார்… இன்னைக்குக் கொஞ்சம்… வீட்ல ஒரு வேலை… சரி சார், பார்க்கிறேன்."

வெட்டு. இதில் குறை சொல்ல ஐந்து விஷயம் இருக்கிறது. குரல் உள்ளே போய்விட்டது, காரணம் பாதியில் நின்றது, கண் தரையில், 'பார்க்கிறேன்' என்றதும் அது சம்மதம் ஆகிவிட்டது, இன்னும் ஒன்றிரண்டு. ஐந்தையும் சொன்னால் அடுத்த ஓட்டத்தில் ஒன்றும் மாறாது. ஒன்றே ஒன்று: முதல் வாக்கியத்தில் மறுப்பு வர வேண்டும். அவ்வளவுதான். விவாதம் வேண்டாம், உடனே இரண்டாவது ஓட்டம்:

"சார், இன்னைக்கு என்னால முடியாது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள தர்றேன்."

"அட, அரை மணி நேர வேலைங்க!"

"அது சரி சார்… ஆனா இன்னைக்கு முடியாது. காலைல முதல் வேலையா முடிச்சுடுறேன்." சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு அது. சொற்கள் மறுத்துவிட்டன, முகம் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. மேலாளராக நடிக்கும் நண்பர் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்னொரு தரம் அழுத்திப் பார்க்கலாம் என்று தனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். எதிராளியின் இடத்தில் இருப்பவர் மட்டுமே தரக்கூடிய தகவல் அது. மூன்றாவது ஓட்டத்தில் சொற்களைத் தொடாமல் சிரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். சொல்லி முடித்து, வாயை மூடி, மௌனத்தைத் தாங்குவது. அந்த இரண்டு நொடி மௌனம்தான் உண்மையில் பழக வேண்டியது. வசனம் ரெண்டாம் பட்சம்.

திருத்தத்துக்கான ஒழுங்கு சின்னதுதான். நடித்தவர் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லட்டும். பிறகு மற்றவர் சரியாக வந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லட்டும் ("நல்லா இருந்தது" என்பது கணக்கில் சேராது). அப்புறம் மாற்ற வேண்டிய ஒன்று. நடித்த நேரத்தைவிடப் பேசிய நேரம் கூடிவிட்டால், நீங்கள் ஒத்திகையை விட்டு அரட்டைக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். குழுவாகச் செய்தால் இது இன்னும் மோசமாகும், ஆளுக்கொரு கருத்து. அப்போது பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் தன் மன்ற அரங்கில் வைத்த வழக்கம் உதவும். மேடையில் நடப்பதில் மாற்றம் வேண்டும் என்று நினைக்கும் பார்வையாளர் 'நிறுத்து' என்று சொல்லி, மேடை ஏறி, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று தானே செய்துகாட்ட வேண்டும். கருத்து இருக்கிறதா, எழுந்து வந்து நடி. பாதிக் கருத்துகள் அங்கேயே அடங்கிவிடும்.

படி 6: எதிராளியை மாற்றுங்கள்

ஒரே எதிராளியிடம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வசனம் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். பதில் ஓரளவு உறுதியானதும் நண்பர் முதலில் எளிதாக விட்டுக்கொடுக்கும் மேலாளராகவும், பிறகு மூன்று முறை வற்புறுத்துபவராகவும், கடைசியில் கோபப்படுபவராகவும் வரட்டும். எப்படி வரப்போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் வருவது நல்லது.

கஷ்டத்தை ஏற்றுவதில் ஒரு எச்சரிக்கை. நண்பர்கள் சிலருக்கு வில்லன் வேஷம் கிடைத்ததும் உற்சாகம் தாங்காது; பேச்சில் மடக்கி ஜெயித்துவிடுவார்கள். ஒவ்வொரு அமர்வும் நீங்கள் செய்து முடித்த ஓட்டத்தோடு முடிய வேண்டும். தோல்வியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனால் பழகியது தோல்விதான்.

படி 7: நிஜ இடத்துக்குக் கொண்டுபோங்கள்

உளவியலாளர்கள் கோடன், பேட்லி இருவரும் 1975-இல் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியல்களைப் படிக்க வைத்தார்கள். தண்ணீருக்கடியில் படித்தது தண்ணீருக்கடியில் நன்றாக நினைவுக்கு வந்தது. கரையில் படித்தது கரையில். ஞாபகம் இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே கடைசிச் சில ஓட்டங்களை, முடிந்தால், சம்பவம் நடக்கும் இடத்திலேயே வையுங்கள். காலியான அலுவலக அறை, வீட்டு வாசல், நிறுத்தி வைத்த கார். முடியாவிட்டால் அங்கே அணியும் உடை, கையில் இருக்கும் பை, அந்த நேரத்துக் களைப்பு ஆகியவற்றையாவது கொண்டுவாருங்கள்.

அடுத்து, படி 1-இல் எழுதிய எதிராளியின் வாக்கியத்தைத் தூண்டுகோலாக வைத்து ஒரு 'என்றால்' வாக்கியம் அமையுங்கள். "அவர் 'உங்களை விட்டா யாரு' என்று ஆரம்பித்தால், நான் பையைக் கீழே வைக்காமல் 'இன்னைக்கு முடியாது' என்று சொல்வேன்." உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் உத்தி இது. வெறும் உறுதிமொழியைவிட, சூழலையும் செயலையும் இப்படி முடிச்சுப் போட்டு வைப்பது அதிகம் பலன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரே நாளில் இருபது ஓட்டம் போடுவதைவிட, சில நாள் இடைவெளியில் நான்கைந்தாகப் பிரித்துப் போடுங்கள். நடுவில் நிஜ வாழ்வின் சின்னச் சோதனைகளும் வேண்டும்: விற்பனை அழைப்பு ஒன்றை மறுப்பது, வேண்டாத அழைப்பிதழுக்கு 'வர முடியாது' என்று மட்டும் பதில் அனுப்புவது. இழப்பு குறைவு, ஆனால் உடல் அதே பதற்றத்தைச் சந்திக்கும்.

காட்சி போதாதபோது: இரண்டு வாரம் வேறொருவராக

சிலருடைய சிக்கல் ஒரு காட்சிக்குள் அடங்காது. 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்ற முடிவிலேயே சிக்கல் இருக்கும். அவர்களுக்காக உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955-இல் ஒரு வழியை விவரித்தார். முதலில், உங்களை நன்கு அறிந்த, அன்பான நண்பர் எழுதுவதுபோல உங்களைப் பற்றிப் படர்க்கையில் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு சிகிச்சையாளர் ஒரு புதிய கற்பனை மனிதரை எழுதித் தருவார். அவர் உங்களுக்கு நேர் எதிரானவர் அல்ல. வேறொரு கோணத்தில் உலகத்தைப் பார்ப்பவர், அவருக்கு வேறு பெயரும் உண்டு. சுமார் இரண்டு வாரம் அவராகவே எழுந்து, பேசி, சாப்பிட்டு, வேலை பார்த்து வாழ வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. நிரந்தரமாக மாறச் சொல்லவில்லை, இது சோதனைதான் என்பதால் மனம் அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து வேஷத்தைக் கழற்றும்போது சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம். இதை ஒரு ஆலோசகரோடு செய்வது உத்தமம்.

எங்கே கைவைக்கக் கூடாது

வன்முறை, பாலியல் அத்துமீறல், விபத்து போன்றவற்றை அனுபவித்தவரிடம் அந்தச் சம்பவத்தையே நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள். பயிற்சி பெற்ற மனநல நிபுணரின் வேலை அது. அதேபோல, மறுத்தால் அடிவிழும் என்ற நிலையில் இருப்பவருக்கு மறுக்கும் ஒத்திகை கொடுப்பது ஆபத்து. அவருக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு.

எதிராளியாக நடிப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை மணி நேரம் குத்திப் பேசியவர் அதே முகத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது. இருவரும் எழுந்து, இடம் மாறி உட்கார்ந்து, ஒருவரையொருவர் சொந்தப் பெயரால் அழைத்து, வேறு ஏதாவது பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. நடித்த உரையாடலும் நிஜ உரையாடலும் ஒன்றுபோல நடப்பதில்லை. காவல்துறை விசாரணைகளின் உண்மைப் பதிவுகளையும் பயிற்சியில் நடித்த விசாரணைகளையும் உரையாடல் ஆய்வாளர் எலிசபெத் ஸ்டோகோ ஒப்பிட்டுப் பார்த்தார் (2013). நடிப்பவர்கள் தாங்கள் மதிப்பிடப்படுவதை உணர்ந்து, செய்ய வேண்டியவற்றைப் பளிச்சென்று தெரியும்படி மிகையாகச் செய்தார்கள். மதிப்பெண்ணுக்காக நடத்தப்படும் ரோல் பிளேயில் பரிவு ததும்பி வழிவது இதனால்தான். மதிப்பீட்டை எடுத்துவிடுங்கள், அல்லது தனியாக வேறொரு நாளில் வையுங்கள்.

எப்போது நிறுத்துவது?

நண்பர் எதிர்பாராத ஒன்றைச் சொல்லியும் உங்கள் வாய் தானாகப் பதில் சொல்கிறது, உங்களுக்கே கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது என்றால், போதும். அதன் பிறகும் 'இன்னும் ஒரு தடவை' என்று கேட்டால், ஒத்திகையே நிஜத்தைத் தள்ளிப்போடும் சாக்காகிவிட்டது. தேதி குறியுங்கள்.

நிஜ உரையாடல் முடிந்த அன்றே மூன்று வரி எழுதுங்கள். அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள், ஒத்திகையில் வராத எது வந்தது. சொதப்பியிருந்தால் கடைசி வரிதான் அடுத்த ஒத்திகையின் முதல் வசனம். மேலாளர் மறுப்பை ஏற்றுக்கொண்டு, ஒரு நிமிடம் கழித்துப் பரிதாபமாக "சரி, நானே பார்த்துக்கிறேன்" என்று சொன்னாரா? நண்பரை மறுபடி கூப்பிடுங்கள். அந்த வாக்கியத்தோடு ஆரம்பியுங்கள்.